எல்லைக் கரையில் ஒரு திங்கள்

ஐரோப்பிய நாடுகளின் பங்குக்குருக்கள் கோடை விடுமுறைக்குச் செல்லும்போது, அவர்கள் இடத்தில் நின்று திருப்பலி நிறைவேற்ற நம் நாட்டுக் குருக்கள் அழைக்கப்படுவது வாசகர் அறிந்ததே. அவ்வாறு ஓர் ஆகஸ்டுத் திங்கள் முழுவதையும் ஆஸ்திரிய நாட்டில், டான்யூப் ஆற்றின் தென்கரையிலுள்ள ஒரு சிற்றூரில் கழிக்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. ஊர் சிறிது, கோவிலும் சிறிது. பங்கு இல்லத்தின் சன்னலைத் திறந்தால் ஆறு தெரியும். அதன் மறுகரையில் திராட்சைத் தோட்டங்கள் படிப்படியாக மலைமேல் ஏறிச் செல்லும்.

கோவிலின் திறவுகோலை வைத்திருந்தவர் 78 வயது மூதாட்டி. பீடத்தை அலங்கரிப்பது, மெழுகுதிரி ஏற்றுவது, மூவேளைச் செப மணி அடிப்பது யாவும் அவர் பொறுப்பே. நாம் சென்றிறங்கிய முதல் நாள், எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள் என்று அவர் வினவினார். ஊரின் பெயரைச் சொன்னோம், அவருக்கு விளங்கவில்லை. மாநிலத்தைச் சொன்னோம், அதுவும் விளங்கவில்லை. நாம் தயங்கி நிற்பதைக் கண்டு அவர் சிரித்தார். “அதனாலென்ன, சுவாமி? எங்கள் புனிதரும் தம் ஊரை ஒருபோதும் சொன்னதில்லை” என்றார். மறுநாள் காலையில் நைந்துபோன ஒரு நூலைக் கொண்டுவந்து நம் மேசைமேல் வைத்தார். புனித செவெரினுஸ் என்னும் துறவியின் வரலாற்றைக் கூறும் ஜெர்மன் மொழிபெயர்ப்பு அது. குருமடத்தில் கற்ற சிறிதளவு இலத்தீனும், பின்னர் முயன்று பயின்ற ஜெர்மனும் கைகொடுக்க, மாலை வேளைகளில் அந்நூலைப் படித்தோம். ஓய்வு கிடைத்த நாட்களில் நூல் குறிப்பிடும் ஊர்களைத் தேடிப் பயணமும் செய்தோம்.

அப்பயணத்திற்கு வேறொரு காரணமும் உண்டு. அந்த ஆண்டில்தான் அப்பங்கிற்கு ஓர் அறிவிப்பு வந்திருந்தது. முதிய பங்குக்குரு ஓய்வுபெற்றதும் அங்கே வேறொரு குரு வந்து தங்கமாட்டார். அண்டையிலுள்ள பல பங்குகளோடு அதுவும் இணைக்கப்பட்டு ஒரே நிர்வாகத்தின்கீழ் வைக்கப்படும் என்பதே அவ்வறிவிப்பு. குருக்களின் பற்றாக்குறையும், கோவிலுக்கு வருவோரின் எண்ணிக்கை குறைந்ததும் இதற்குக் காரணங்கள். குற்றம் யார்மேலும் இல்லை. ஆயினும் அம்மூதாட்டி ஒருநாள் நம்மிடம் கேட்டார்: “இந்த மாதம் முடிந்ததும் நீங்களும் போய்விடுவீர்கள். அதற்குப் பிறகு இங்கே என்ன மிஞ்சும்?”

அன்று நம்மிடம் விடை இல்லை. ஆனால் அவர் கொடுத்த நூலோ, 1,500 ஆண்டுகளுக்கு முன் அதே கரையில் ஒரு பேரரசின் நிர்வாகம் முழுவதும் பின்வாங்கிச் சென்ற கதையைக் கூறுவது. அந்தக் கேள்வியை மனத்தில் சுமந்துகொண்டே நாம் பழைய நோரிக்கம் மாநிலத்தைச் சுற்றிவந்தோம்.

மாநிலம் பிறந்த வகை

இன்றைய ஆஸ்திரியாவின் பெரும்பகுதியை உள்ளடக்கிய நோரிக்கம் முதலில் கெல்த்திய மக்களின் அரசாக இருந்தது. அதன் இரும்பு உரோமைச் சந்தைகளில் பெயர்பெற்றது. கி.மு. 15-ஆம் ஆண்டளவில் பெரும் போர் ஏதுமின்றி அது உரோமையின் ஆதிக்கத்திற்குள் வந்தது. பின்னர் கிளாடியுஸ் பேரரசர் காலத்தில் (கி.பி. 41-54) முறையான மாநிலமாக அமைக்கப்பட்டது. வடக்கே டான்யூப் ஆறு, மேற்கே இன் ஆறு, கிழக்கே வியன்னாக் காடுகள் ஆகியன அதன் எல்லைகள். ஆகவே வியன்னா நகரம் நோரிக்கத்தைச் சேர்ந்ததன்று. அது அடுத்த மாநிலமாகிய பன்னோனியாவைச் சேர்ந்தது. தலைநகரோ ஆற்றிலிருந்து வெகு தொலைவில், தெற்கே இன்றைய கிளாகன்புர்ட் நகருக்கு அண்மையிலிருந்த விரூனம்.

ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இம்மாநிலத்தில் ஒரு லேகியோன் படைகூட நிறுத்தப்படவில்லை. சிறு படைப்பிரிவுகளே ஆற்றங்கரைக் கோட்டைகளைக் காத்தன. மார்க்குஸ் அவுரேலியுஸ் காலத்தில் வடகரை மக்கள் ஆற்றைக் கடந்து பெருகி வந்தபோதுதான் நிலைமை மாறிற்று. 165-ஆம் ஆண்டளவில் புதிதாகத் திரட்டப்பட்ட இரண்டாம் இத்தாலிக்கா லேகியோன், அந்நூற்றாண்டின் இறுதியில் லவுரியாக்கம் என்னும் இடத்தில் நிலையாகத் தங்கிற்று. ஏறத்தாழ 539 மீட்டர் நீளமும் 398 மீட்டர் அகலமும் கொண்ட அந்தப் பாளையம், சுமார் 6,000 வீரர் தங்குவதற்கென அமைக்கப்பட்டது. அது முதல் அப்படையின் தலைவரே மாநில ஆளுநராகவும் விளங்கினார். வாளும் தராசும் ஒரே கையில் இருந்தன.

இரண்டாக வகுத்த கணக்கு

வாளையும் தராசையும் பிரித்தவர் தியோக்ளேசியன் (284-305). நம் திருச்சபை வரலாற்றில் அவர் பெயரைக் கேட்டதும் கொடுங்கோலன் என்னும் சொல்லே நாவில் எழும். ஆனால் நிர்வாகியாக அவர் மிகுந்த திறமையுடையவர். ஐம்பதுக்குக் குறையாதிருந்த மாநிலங்களைச் சிறுசிறு கூறுகளாகப் பிரித்து ஏறத்தாழ நூறாக்கினார். மாநிலம் சிறிதாயின் வரி வாங்குவது எளிது. ஆளுநர் கலகம் செய்வது கடினம். அவ்வகையில் நோரிக்கமும் இரண்டாயிற்று. ஆற்றை ஒட்டிய வடபகுதி ‘கரையோர நோரிக்கம்’ என்றும், ஆல்ப்ஸ் மலைகளுக்குத் தெற்கேயுள்ள பகுதி ‘உள்நாட்டு நோரிக்கம்’ என்றும் பெயர்பெற்றன. ஒவ்வொன்றிற்கும் பிரேசெஸ் எனப்பட்ட ஓர் ஆளுநர். அவருக்கு வழக்குகளும் வரியும் மட்டுமே பொறுப்பு. படை அவர் கையில் இல்லை. ஆற்றங்கரைப் படைக்கு ‘துக்ஸ்’ என்னும் தனித் தலைவர் இருந்தார். கரையோர நோரிக்கத்தையும் அண்டையிலுள்ள முதலாம் பன்னோனியாவையும் ஒரே துக்ஸ் காத்துவந்தார்.

பல மாநிலங்களைச் சேர்த்து ஒரு மண்டலம்; அதற்கு மேலதிகாரியாக ஒரு விக்காரியுஸ். இரு நோரிக்கங்களும், இன்றைய செர்பியாவிலுள்ள சிர்மியம் நகரைத் தலைமையாகக் கொண்ட பன்னோனிய மண்டலத்தில் சேர்க்கப்பட்டன. இம்மண்டலத்திற்கு அவர்கள் இட்ட பெயர் என்ன தெரியுமா? ‘தியோசேசிஸ்.’ நாம் மறைமாவட்டம் என்று வழங்குவதற்கு இலத்தீன் மொழியில் உள்ள அதே சொல்தான்! மறைமாவட்டத்தில் ஆயருக்கு அடுத்த நிலையிலுள்ள குருவை நம் முன்னோர் விக்கார் ஜெனரல் என்றழைத்தனர்; அந்த ‘விக்கார்’ என்னும் பெயரும் இவ்விக்காரியுஸ் என்பதே. இச்சொற்களைத் திருச்சபை உரோமை அலுவலகங்களிலிருந்தே எடுத்துக்கொண்டது. தியோசேசிஸ் என்னும் கிரேக்கச் சொல்லின் வேரில் இருப்பதோ ‘வீடு’ என்னும் பொருள்தரும் சொல். மனையை நடத்தும் முறையே அதன் முதற்பொருள். பெரிய அலுவலகத்தின் பெயருக்குள் ஒரு குடும்பம் ஒளிந்திருப்பதைக் குடும்ப இதழின் வாசகர்கள் கருதிப் பார்ப்பது நன்று.

ஆனால் இந்த மனையின் செலவு பெரிது. நிலத்தையும் ஆட்களையும் கணக்கெடுத்து, தானியமாகவும் பொருளாகவும் வரி வாங்கப்பட்டது. அத்தானியமே ஆற்றங்கரை வீரருக்குச் சென்றது. நகரசபை உறுப்பினர்கள் வரியைத் தண்டித் தரவேண்டும். குறைந்தால் தங்கள் சொந்தச் சொத்திலிருந்து ஈடுசெய்ய வேண்டும். அப்பதவியிலிருந்து விலக முடியாது. தந்தைக்குப் பின் மைந்தன் ஏற்றாக வேண்டும். வீரனின் மகனும் வீரனாகவே வேண்டும். அக்காலத்துக் கிறிஸ்தவ எழுத்தாளர் லக்தான்சியுஸ், கொடுப்போரைக் காட்டிலும் வாங்குவோர் பெருகிவிட்டனர் என்று இந்த ஏற்பாட்டைக் கடிந்துரைத்தார்.

அலுவலகத் தலைவர் ஒருவர்

ஒரு புதன்கிழமை நாம் என்ஸ் நகருக்குச் சென்றோம். அதன் ஒரு பகுதியாகிய லோர்க் என்பதே பண்டைய லவுரியாக்கம். பெரும் பாளையத்தின் மேல் இன்று வீடுகளும் தோட்டங்களும் இரயில் பாதையும் உள்ளன. அங்கேயுள்ள புனித இலாரன்சியார் பேராலயத்தின் கோதிக் கட்டடத்திற்குள் நுழைந்து பீடத்தண்டை சென்றால், தரைக்குக் கீழே அகழ்ந்து காட்டப்பட்ட பழைய சுவர்களைக் காணலாம். 1960 முதல் நடந்த அகழாய்வில் வெளிவந்தவை அவை. கீழே உரோமையர் கட்டடம். அதன்மேல் தொடக்ககாலக் கிறிஸ்தவக் கோவில். அதற்கும் மேலே இன்றைய கோவில். கீழுள்ள சுவரின்மேலேயே அடுத்த தலைமுறை கட்டியிருக்கிறது.

இவ்வூரில் 304-ஆம் ஆண்டு மே 4-ஆம் நாள் இரத்தசாட்சியாக இறந்தவர் புனித புளோரியான். தீயணைப்போரின் பாதுகாவலராகிய அவருடைய திருவுருவம், எரியும் வீட்டின்மேல் நீர் ஊற்றும் கோலத்தில், ஆஸ்திரிய ஊர்களின் தீயணைப்பு நிலையங்களில் காணப்படுகிறது. ஆனால் அவர் தீயணைக்கும் வீரராக இருந்தவரல்லர். அவருடைய பாடுகளின் வரலாறு, அவரை ஆளுநர் அலுவலகத்தின் தலைவராயிருந்து ஓய்வுபெற்றவர் என்று கூறுகிறது. அரசின் கடிதங்களும் கட்டளைகளும் எந்த அலுவலகத்தின் வழியாகச் சென்றனவோ, அந்த அலுவலகத்தின் பொறுப்பாளர்!

ஆளுநர் அக்குயிலினுஸ் கிறிஸ்தவர்களைத் தேடிப் பிடிக்கும் கட்டளையோடு லவுரியாக்கம் வந்தார். நாற்பது பேர் சிறையிலடைக்கப்பட்டனர். இன்று சாங்க்ட் பெல்டன் எனப்படும் செத்தியம் நகரில் அமைதியாக வாழ்ந்த புளோரியான் அதைக் கேள்வியுற்றார். ஒளிந்துகொள்ள அவருக்கு வழிகள் தெரியாமலிருக்க இயலாது. தேடும் முறைகளை அறிந்தவர் அவர். ஆயினும் அவர் லவுரியாக்கத்தை நோக்கியே புறப்பட்டார். வழியில் தம் பழைய அலுவலகத்தின் வீரர்களைச் சந்தித்து, நீங்கள் தேடும் கிறிஸ்தவருள் நானும் ஒருவன் என்று அறிவித்தார். கழுத்தில் கல்லைக் கட்டி என்ஸ் ஆற்றில் அவரைத் தள்ளினார்கள்.

பேராலயத்தின் பழைய பீடத்தினுள் கண்டெடுக்கப்பட்ட எலும்புகள் அந்த நாற்பது பேருடையவை என்பது அவ்வூர் மரபு. அப்பீடத்தின்முன் நாம் சிறிது நேரம் மண்டியிட்டோம். திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1988-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் இவ்வூருக்கு வந்தார். ஆளுநரின் மாளிகை எங்கே இருந்ததெனக் காட்டுவார் இல்லை. அவரால் கொல்லப்பட்டவரின் பெயரோ ஊர்தோறும் சுவர்களில் உள்ளது.

ஆற்றங்கரைக் கோட்டைகள்

அடுத்துச் சென்ற ஊர்கள் துல்ன், மவுட்டர்ன் ஆகியவை. நான்காம் நூற்றாண்டில் சிறந்த வீரர்கள் பேரரசரோடு செல்லும் நடமாடும் படைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டனர். எல்லைக் காவலர் கரையிலேயே குடும்பத்தோடு தங்கினர். பழைய பாளையங்களில் அவர்கள் எண்ணிக்கை குறைந்தது; சுவர்களின் பருமனோ கூடிற்று. துல்னில் ஆற்றோரம் நிற்கும் குதிரைலாட வடிவக் கோபுரம் அக்காலத்தது. ஊரார் அதனை உப்புக் கோபுரம் என்கின்றனர். முதலாம் வாலந்தீனியன் காலத்தில் (364-375) கரை நெடுகிலும் காவற்கோபுரங்கள் எழுந்தன. 370-ஆம் ஆண்டில் லவுரியாக்கத்துத் துணைப்படையினர் ஒரு காவற்கோபுரத்தை அடித்தளத்திலிருந்தே கட்டி முடித்ததைக் கூறும் கல்வெட்டு ஒன்று இப்ஸ் என்னும் ஊரில் கிடைத்தது. அன்றைய அரசு அலுவலகப் பட்டியல் நூலில், லவுரியாக்கத்திலிருந்த கேடயத் தொழிற்சாலையும் ஆற்றுக் கப்பற்படையும்கூட வரிசையாக எழுதப்பட்டுள்ளன. கையிலெடுத்துப் படிப்பவருக்கு எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோலவே தோன்றும்.

ஏட்டில் உள்ள படை கரையில் இல்லாமற்போன காலத்தில்தான் செவெரினுஸ் வந்து சேர்ந்தார். ஹூணர் மன்னன் அத்திலா இறந்தது 453-இல். அதன்பின் எழுந்த குழப்பத்தினிடையே கீழ்நாடுகளிலிருந்து அவர் கரையோர நோரிக்கத்தை அடைந்தார். அவர் பேச்சோ தூய இலத்தீன்; பிறந்த நாடு எதுவென எவருக்கும் தெரியாது. ஒரு முதிய குரு துணிந்து கேட்டபோது, என்னை ஓடிவந்த அடிமையென்று எண்ணினால் மீட்புப்பணத்தைத் தயார் செய்து வைத்துக்கொள்ளுங்கள் என்று நகைச்சுவையாக மறுமொழி கூறினாராம். இவற்றையெல்லாம் எழுதி வைத்தவர், அவர் வழிவந்த துறவியாகிய யூஜிப்பியுஸ். நூல் எழுதப்பட்ட ஆண்டு 511.

செவெரினுஸ் முதலில் தோன்றிய சிறுநகரம் அஸ்தூரிஸ். அங்கே அவருக்குத் தங்க இடமளித்தவர் கோவிற்காவலராகிய ஒரு முதியவர். பகைவர் வரவிருக்கின்றனர், நோன்பிருந்து இறைவனிடம் மன்றாடுங்கள் என்று செவெரினுஸ் எச்சரித்தார். ஊரார் செவிகொடுக்கவில்லை. தமக்கு இடமளித்தவரிடம் அழிவின் நாளையும் நேரத்தையும் சொல்லிவிட்டு, அவர் இன்றைய துல்ன் ஆகிய கொமாகெனிசுக்குச் சென்றார். அஸ்தூரிஸ் அழிந்தது, அம்முதியவர் ஒருவர் தப்பிவந்து நடந்ததைக் கூறினார். நூலாசிரியர் அவர் பெயரைக் குறிக்கவில்லை. கோவிலின் திறவுகோலை வைத்திருந்தவர் என்பதே அவரைப்பற்றி நாம் அறிவது. அப்பக்கத்தைப் படித்தபோது நம் ஊர் மூதாட்டியை நினையாதிருக்க இயலவில்லை.

உறைந்த ஆறும் பதுக்கிய தானியமும்

மவுட்டர்ன் என்பதே செவெரினுஸ் நெடுங்காலம் வாழ்ந்த ஃபாவியானிஸ். கிரெம்ஸ் நகரிலிருந்து பாலத்தைக் கடந்தால் இவ்வூர். பழைய கோட்டைச் சுவரும் அதன் கோபுரமும் இன்றும் வீடுகளினிடையே நிற்கின்றன. ‘திராட்சைத் தோட்டங்களருகே’ எனப் பெயர்கொண்ட ஒரு தனியிடத்தில் அவர் சிறு குடிலமைத்து வாழ்ந்தார் என்கிறது நூல். தோட்டங்கள் இன்றும் அவ்வூரைச் சூழ்ந்துள்ளன. ஆறு உறைந்து அதன்மேல் வண்டிகள் செல்லும் பனிக்காலத்திலும் அவர் வெறுங்காலோடு நடந்தார்.

ஃபாவியானிசில் பஞ்சம் வந்தது. மேற்கேயுள்ள ரேசியா மாநிலத்திலிருந்து ஆற்றுவழியாக வரவேண்டிய உணவுப் படகுகள் இன் ஆற்றின் பனிக்கட்டியில் சிக்கிக்கொண்டன. அவ்வேளையில் புரோக்குலா என்னும் உயர்குலக் கைம்பெண் தன் வீட்டில் தானியத்தைப் பதுக்கி வைத்திருந்தாள். செவெரினுஸ் அவளை ஊரார் முன்னிலையில் அழைத்து, ஏழைகளுக்குக் கொடாமல் இத்தானியத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாய், டான்யூபின் மீன்களுக்கா போடப்போகிறாய் என்று கடிந்தார். அவள் அஞ்சி ஏழைகளுக்கு வழங்கினாள். சில நாட்களில், காலமல்லாக் காலத்தில் பனி உருகிப் படகுகள் வந்து சேர்ந்தன.

வரி வாங்குவோர் இல்லாத நாட்டில் அவர் மக்களிடம் பத்தில் ஒரு பங்கைக் கேட்டார். அது கோட்டைக்கன்று, ஏழைகளுக்கும் சிறைப்பட்டோரை மீட்பதற்கும். தெற்கேயிருந்து ஆடைமூட்டைகளைச் சுமந்துகொண்டு பனிமலைகளைக் கடந்துவந்தோருக்கு, ஏறத்தாழ 200 மைல் தொலைவு ஒரு கரடி முன்னே நடந்து வழிகாட்டியது என்றும் யூஜிப்பியுஸ் எழுதுகிறார். கரடியை நம்புவோர் நம்புக! ஆனால் அம்மூட்டைகளை நாம் நம்புகிறோம். ஆளுநர் பதவியோ ஆயர் பதவியோ அவருக்கில்லை. ஆயர் பட்டத்தை ஏற்க வேண்டியபோதும் மறுத்தார். ஆயினும் தானியம், ஆடை, எண்ணெய், இரவுக்காவல் எல்லாவற்றையும் ஒழுங்குசெய்தார். இரவும் பகலும் ஒருவரும் அவரைப் ‘பொறுப்பில் இல்லாதவர்’ என்று திருப்பியனுப்பவில்லை.

கடைசிச் சம்பளம்

நம் பயணத்தில் மிகத் தொலைவானது பாசாவு. இன்று ஜெர்மன் நாட்டிலுள்ள இந்நகரத்தில் டான்யூப், இன், இல்ஸ் என்னும் மூன்று ஆறுகள் கலக்கின்றன. மூன்றின் நீரும் நிறத்தால் வேறுபட்டுச் சிறிது தொலைவு ஒன்றோடொன்று சேராமலே ஓடுகின்றன. இன் ஆற்றின் மேற்கே இருந்தது பத்தாவிஸ் கோட்டை. அது ரேசியாவைச் சேர்ந்தது. கிழக்கே இருந்த பொயோத்ரோ நோரிக்கத்தின் முதற்கோட்டை. அதன் அடித்தளத்தையும் அருகிலுள்ள அருங்காட்சியகத்தையும் கண்டோம். அதன்பின் கரையிலிருந்த ஓர் இருக்கையில் அமர்ந்து, நூலின் இருபதாம் அதிகாரத்தைப் படித்தோம்.

உரோமை ஆட்சி நிலைபெற்றிருந்தவரை எல்லையைக் காக்கும் வீரர்கள் பொதுப்பணத்திலிருந்து ஊதியம் பெற்றனர். அவ்வழக்கம் நின்றதும் படைப்பிரிவுகளும் கலைந்தன, எல்லையும் அழிந்தது என்று யூஜிப்பியுஸ் இரண்டே வரிகளில் சொல்லிவிடுகிறார். ஒரு பேரரசின் முடிவை இவ்வளவு எளிமையாகக் கூறியவரை நாம் வேறெங்கும் கண்டதில்லை. பத்தாவிசில் மட்டும் ஒரு படைப்பிரிவு இன்னும் கலையாமலிருந்தது. அவர்களில் சிலர், தோழர்களுக்குச் சேரவேண்டிய கடைசிச் சம்பளத்தை வாங்கிவர இத்தாலியாவுக்குப் புறப்பட்டனர். வழியில் பகைவர் அவர்களைக் கொன்றதை ஒருவரும் அறியவில்லை. ஒருநாள் தம் குடிலில் படித்துக்கொண்டிருந்த செவெரினுஸ் திடீரென நூலை மூடிவிட்டுப் பெருமூச்செறிந்து அழுதார். உடனிருந்தோரை ஆற்றுக்கு விரைந்தோடுமாறு கூறினார். அந்நேரம் அதில் மனித இரத்தம் கலந்திருப்பதாகச் சொன்னார். அந்நேரமே, ஆற்று வெள்ளம் அவ்வீரர்களின் உடல்களைக் கரைசேர்த்துவிட்டது என்ற செய்தி வந்தது.

நாமும் நூலை மூடினோம். கணக்குப் புத்தகத்தில் அவர்களுக்குச் சம்பளம் இருந்திருக்கலாம். கையெழுத்திட வேண்டிய அதிகாரிதான் இல்லை. அதைக் காட்டிலும் நம்மை உறுத்திய செய்தி இது: ஊதியம் நின்ற பின்னும் அவர்கள் உடனே காவலை விட்டுச் செல்லவில்லை. ஏன்? மனைவியும் மக்களும் அச்சுவருக்குள் இருந்தனர். அவர்கள் காத்துநின்றது பேரரசை அன்று, தெருவை.

புறப்பாடு

மேற்கேயுள்ள ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. பத்தாவிஸ் மக்களை லவுரியாக்கத்திற்குச் செல்லுமாறு செவெரினுஸ் தூண்டினார். கேளாது தங்கியோர் பகைவர் கையில் சிக்கினர். பின்னர் வடகரையிலிருந்த ரூகியரின் மன்னன் பெலேத்தேயுஸ், லவுரியாக்கத்தில் குவிந்திருந்த மக்களைத் தன் ஊர்களுக்கு இழுத்துச் செல்லப் படையோடு வந்தான். முதியவராகிய செவெரினுஸ் இரவெல்லாம் நடந்து, நகரிலிருந்து 20 மைலுக்கு அப்பால் அவனைச் சந்தித்தார். இம்மக்களைப் படை தொடவேண்டாம், நானே அழைத்துவருகிறேன் என்று பேசி அவனைத் திருப்பியனுப்பினார்.

482-ஆம் ஆண்டு ஜனவரி 8-ஆம் நாள் அவர் ஃபாவியானிசில் இறந்தார். மக்கள் இந்நாட்டை விட்டுப் போகும்போது என் எலும்புகளையும் எடுத்துச் செல்லுங்கள் என்று முன்னரே கேட்டிருந்தார். அவர் இறந்ததும் மன்னனின் தம்பி மடத்தைக் கொள்ளையிட்டான். ஆற்றைக் கடந்து எடுத்துச் செல்ல முடியாத சுவர்களை மட்டுமே விட்டுவைத்தான். 476-இல் மேற்குப் பேரரசின் கடைசி அரசனை நீக்கிய ஓதோவாக்கர், இளைஞனாக இருந்தபோது செவெரினுசின் தாழ்ந்த குடிலில் தலைகுனிந்து நின்று ஆசி பெற்றவன். அவனே 487-இல் ரூகியரை வென்று, மறு ஆண்டு நோரிக்கத்தின் உரோமையர் இத்தாலியாவுக்குப் புறப்பட வேண்டுமென ஆணையிட்டான். மக்கள் புனிதரின் உடலை வண்டியிலேற்றிக்கொண்டு நடந்தனர். அவ்வுடல் இறுதியில் நேப்பிள்சுக்கு அருகிலுள்ள லுக்குல்லானத்தை அடைந்தது. அங்கே எழுந்த மடத்திலிருந்துதான் யூஜிப்பியுஸ் தம் நூலை எழுதினார். கரையோர நோரிக்கத்தின் நிர்வாகம் அத்துடன் முடிவுற்றது.

தங்கியவர்கள்

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. எல்லோரும் போய்விட்டனர் என்றே நூலைப் படிப்பவருக்குத் தோன்றும். நிலமோ வேறு கூறுகிறது. லவுரியாக்கம் லோர்க் ஆயிற்று. ஒவிலாவா வெல்ஸ் ஆயிற்று. லென்சியா லின்ஸ் ஆயிற்று. பத்தாவிஸ் பாசாவு ஆயிற்று. ஓர் ஊரில் எவருமே தங்காதிருந்தால், புதிதாக வருபவருக்கு அதன் பழைய பெயரைச் சொல்லிக்கொடுப்பவர் யார்? சால்ஸ்புர்க் வட்டாரத்தில் ‘வல்’ என்னும் ஒலியோடு தொடங்கும் வால்ஸ் போன்ற ஊர்ப்பெயர்கள், இலத்தீன் வழிமொழி பேசிய மக்களைக் குறிக்க ஜெர்மானியர் இட்டவை என்பர் மொழியறிஞர். புளோரியானின் பெயரையும் லவுரியாக்கத்தின் கோவிலிடத்தையும் காத்துத் தந்தவர்கள் அவ்வாறு தங்கிய எளியோரே. அவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. அலுவலகம் போன பின்னர் எழுதுவதற்கு எழுத்தர் ஏது?

இவ்வாறு சொல்வதால் நிர்வாகம் வேண்டாம் என்பது நம் கருத்தன்று. பட்டியல் இல்லாத இடத்தில் பதுக்குவோர் பெருகுவர் என்பதைப் புரோக்குலாவின் கதை காட்டுகிறது. செவெரினுசும் ஒரு சிறந்த நிர்வாகியே. ஆனால் அவருடைய நிர்வாகம் வீட்டிலிருந்து தொடங்கிற்று. எந்த வீட்டில் தானியமில்லை, எந்த வீட்டில் மைந்தன் சிறைப்பட்டான் என்பதை அவர் அறிந்திருந்தார். அவ்வறிவு இருந்தவரை மாநிலம் இருந்தது.

புறப்படும் நாளுக்கு முந்திய மாலை, மூதாட்டியிடம் நூலைத் திருப்பிக் கொடுத்தோம். என்ன மிஞ்சும் என்று கேட்டீர்களே, அம்மா; அஸ்தூரிசின் கோவிற்காவலரைப் பற்றிப் படித்திருப்பீர்களே என்றோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. “அவருடைய ஊர் அழிந்துவிட்டது, சுவாமி” என்றார் பின்னர். உண்மைதான். அதை மறைத்து ஆறுதல் கூற நாம் முற்படவில்லை. “ஆம், அழிந்தது. ஆனால் அவர் அடுத்த ஊருக்குப் போய், தாம் கேட்டதையும் கண்டதையும் சொன்னார். அதனால் அந்த ஊர் பிழைத்தது” என்றோம். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி அடிக்கும் நேரமாயிருந்தது. திறவுகோலை எடுத்துக்கொண்டு எழுந்து சென்றார்.

அப்பங்கில் இப்போது தங்கும் குரு இல்லை. திங்களுக்கு இருமுறை வெளியூரிலிருந்து ஒருவர் வந்து திருப்பலி நிறைவேற்றுகிறார். சென்ற ஜனவரியில் நமக்கு ஒரு மடல் வந்தது. செவெரினுசின் திருநாளாகிய 8-ஆம் நாள் குரு எவரும் வர இயலவில்லை, பனி மிகுதி. ஆயினும் பதினொரு பேர் கோவிலில் கூடி, நற்செய்தியை வாசித்து, செபமாலை சொல்லி, ஊரில் நோயுற்றிருந்த மூவரின் வீடுகளுக்கு ரொட்டியும் சூப்பும் கொண்டுசென்றார்களாம். மணியைத் தானே அடித்ததாகவும், அடுத்த ஆண்டு கை ஓங்காவிட்டால் யாரிடம் ஒப்படைப்பது என்று ஒரு சிறுமிக்கு இப்போதே பழக்கி வருவதாகவும் மூதாட்டி எழுதியிருந்தார்.

அன்பார்ந்த வாசகர்களே, நம் பங்குகளில் குருக்களுக்கும் நிறுவனங்களுக்கும் இன்று குறைவில்லை. குறைவில்லாத காலத்திலேயே நம் தெருவில் எந்த வீட்டில் அடுப்பெரியவில்லை என்பதை அறிந்துவைப்போம். கோவிலின் திறவுகோல் இருக்கும் இடத்தை நம் பிள்ளைகளுக்கும் காட்டிவைப்போம்.